மழை எப்போது வரும்? – கரிசல் காட்டிலிருந்து வானத்தைப் படித்த கதை

வானியல் வரலாறு என்றால் உடனே கோப்பர்நிக்கஸ், கலிலியோ, நியூட்டன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாடப்புத்தகமும் அப்படித்தான். அது தப்பில்லை. ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரலாற்றை இன்னொரு வாசல் வழியாகவும் சொல்லலாம். அந்த வாசலின் பெயர் மழை.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கே காவிரியும் கிடையாது, தாமிரபரணிப் பாசனமும் கிடையாது. ஆண்டுக்கு சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. கறுப்பு மண் அந்தத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி எல்லாம் அந்த ஈரத்தை நம்பித்தான். மானாவாரி.

காய்ந்த மண்ணில் முதலிலேயே விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. சரியான நேரத்தில் மழை வந்தால் விளைச்சல். ஒரு தூறல் விழுந்து விதை முளைத்து, அப்புறம் 20 நாள் வானம் வெளுத்துவிட்டால் விதைத்த காசு மண்ணோடு போயிற்று. மறுபடி விதைக்க மறுபடி கடன். ஆக, இந்த ஊரில் வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, முதலீடு சம்பந்தப்பட்ட விஷயம்!

இந்த ஒரு கேள்விக்கு, அதாவது 'மழை எப்போது வரும்?' என்பதற்கு விடை தேடிப்போன மனிதர்கள் வழியில் என்னவெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெள்ளி தெற்கே போனால்...

சங்க காலத்திலேயே இந்தக் கவலை இருந்திருக்கிறது. வெள்ளிக் கோள் தன் திசை மாறித் தெற்கே போனால் மழை பொய்க்கும் என்று அன்றைய மக்கள் நம்பினார்கள். பட்டினப்பாலையின் தொடக்கமே இந்த நம்பிக்கையை வைத்துத்தான். அப்படி வெள்ளி தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்று சோழநாட்டுப் பெருமையைப் பாடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரி இருக்கிறவர்கள் அப்படிப் பாடலாம். கரிசல்காட்டான் என்ன செய்வான்?

வெள்ளிக்கும் மழைக்கும் தொடர்பு இல்லை என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த நம்பிக்கைக்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. வெள்ளி வழக்கமான இடத்தில் இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், வழக்கமான இடம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்திருக்க வேண்டும். காரணம் தப்பாக இருந்தாலும் கவனிப்பு உண்மையானது. உலகம் முழுக்க வானியல் இப்படித்தான் தொடங்கியது. பாபிலோனியர்கள் அரசனுக்கு ஆபத்து வருமா என்று பார்க்கத்தான் வெள்ளியின் உதயத்தையும் மறைவையும் களிமண் பலகையில் குறித்தார்கள்.

நெடுநல்வாடையில் இன்னொரு செய்தி வருகிறது. அரண்மனைக்கு மனை போடும்போது கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் நிழலைப் பார்த்து, கயிறு பிடித்துத் திசை குறித்தார்களாம். தலைக்கு நேர் மேலே சூரியன் வரும் நாளில் குத்துக்கோலுக்கு நிழல் விழாது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு குச்சியும் பொறுமையும் போதும்.

கோவில்பட்டிக்கு அந்த நாள் எது தெரியுமா? ஊரின் அட்சரேகை சுமார் 9 பாகை 10 கலை. சூரியன் அந்த அட்சரேகைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 13, 14 வாக்கில். அதாவது சித்திரை முதல் நாளை ஒட்டி! கரிசல் கிராமங்களில் பொன்னேர் பூட்டி முதல் உழவு உழுகிற அதே நாளில், நண்பகலில் ஏர்க்காலை நிறுத்தி வைத்தால் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

'ஆகா, முன்னோர்கள் கோவில்பட்டிக்காகவே ஆண்டுப்பிறப்பை வைத்தார்கள்' என்று யாரும் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிடாதீர்கள். இது தற்செயல். நம் ஆண்டுக்கணக்கு நட்சத்திரங்களை வைத்துப் போடுவது, பருவத்தை வைத்துப் போடுவது அல்ல. பூமியின் அச்சு பம்பரம்போல மெதுவாகத் தலையாட்டுவதால் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை 1 நகர்ந்துகொண்டே வருகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் அது ஏப்ரல் 11 வாக்கில் வந்தது. இன்னும் சில நூற்றாண்டு கழித்து இந்தப் பொருத்தம் இருக்காது. அந்த நகர்வைக் கண்டுபிடித்ததுகூட வானியலின் பெரிய சாதனைகளில் ஒன்று. கிரேக்கர் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2-ம் நூற்றாண்டிலேயே அதைக் கவனித்துவிட்டார்.

சோழி வைத்துப் போட்ட கிரகணக் கணக்கு

கவனிப்பு அடுத்த கட்டத்துக்குப் போனால் கணக்கு ஆகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கம் அப்படிப்பட்ட ஒரு அற்புதமான கணக்கு. சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும். அந்த வேகமாற்றம் ஏறக்குறைய 248 நாளில் 9 சுற்று முடிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். எனவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னால் அன்றைக்குச் சந்திரன் நிற்கும் இடம் எண்ணாக வந்துவிழும். இன்றைய பாஷையில் சொன்னால் மனசுக்குள்ளேயே ஒரு அட்டவணைக் கோப்பு!

இதை நேரில் பார்த்து அசந்துபோனவர்கள் இரண்டு வெளிநாட்டார்.

முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல். பாவம், அறிவியல் வரலாற்றிலேயே இவரைப்போல துரதிர்ஷ்டசாலி கிடையாது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். 1761-ல் கடலிலேயே மாட்டிக்கொண்டார். புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் கரை இறங்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது! 1771-ல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பிரிக்கும் வேலையில் இருந்தார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரித் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30-ல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி அதிகம்.

இரண்டாமவர் ஜான் வாரன். 1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிப்பாளர் தரையில் சோழிகளை அடுக்கி அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. ஆனால் நடுநேரம் 23 நிமிடமும் முடிவு நேரம் 52 நிமிடமும் தப்பிப் போயின.

இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் செய்தியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. வாரனுக்குக் கணித்துக் காட்டியவருக்குக் கணக்கு தெரியும், ஆனால் அதன் பின்னால் இருந்த கொள்கை தெரியாது என்று வாரன் எழுதி வைத்திருக்கிறார். சூத்திரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது, காரணம் கைமாறவில்லை. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாத கணக்கு, வங்கிப் புத்தகத்தோடு சரிபார்க்காத ரொக்கப் புத்தகம் மாதிரி. கூட்டல் சரியாகத்தான் இருக்கும், கையிருப்புதான் இடிக்கும்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு தமிழர்

சரிபார்க்கக் கருவி வேண்டுமே? வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் சென்னையில் சொந்தச் செலவில் ஒரு வான்காணகம் வைத்தார். பின்பு கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு பொறித்தார்கள். கணித அறிவியலை ஆசியாவில் முதலில் நட்டது தாங்கள்தான் என்பது அதன் சாரம்! லெ ழாந்தீல் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

இந்த வான்காணகத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-ல் பிரகாசம் மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன, ஏன் நடக்கிறது என்று சாதாரண மக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார்.

அவருடைய இன்னொரு வேலை அதைவிடத் துணிச்சலானது. தொலைநோக்கியில் பார்த்த நிலையை அடிப்படையாக வைத்துப் பஞ்சாங்கம் போட்டார். இதுதான் திருக்கணிதம். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல் கும்பத்துக்குப் போன சனி, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20-ல்தான் போனது. வானத்தில் இருப்பது ஒரே சனிதான். கணக்கில்தான் 11 மாத வித்தியாசம்.

கோவில்பட்டிக்கு வந்த சென்னை மணி

1876 ஜனவரி 1-ல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டி அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம். ரயிலோடு இறங்கியது பருத்தி வியாபாரம் மட்டுமல்ல, நேரமும்தான். அதுவரை ஊருக்கு ஊர் சூரியன்தான் கடிகாரம். ரயில்வே பின்பற்றியதோ 'மெட்ராஸ் டைம்'. அதாவது நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்த்துக் குறித்த மணி. கோவில்பட்டி சென்னைக்கு மேற்கே இருப்பதால் அந்த மணிக்கு ஏறத்தாழ 9 நிமிடம் கழித்துத்தான் இங்கே உச்சிப்பொழுது. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வந்த பிறகு வித்தியாசம் இன்னும் கூடிவிட்டது. இன்று கோவில்பட்டியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிட வாக்கில். பன்னிரண்டு மணி அடித்ததும் உச்சிவெயில் என்று சொல்கிறோமே, அது வானத்தின் கணக்கல்ல, ரயிலின் கணக்கு.

பஞ்சம் கட்டிய வான்காணகம்

ரயில் வந்த அதே 1876-ல் பருவமழை பொய்த்தது. தொடர்ந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 – 78-ல் தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட அந்தப் பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. மழையோடு சேர்த்து அரசின் கொள்கையும் அவர்களைக் கொன்றது. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்தில்தான் பழைய கேள்வி புது உடுப்பில் வந்தது. 1877-ல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் சென்னையின் மழைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். சூரியனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். புள்ளி குறைகிற ஆண்டுகளில் மழையும் குறைகிறதே என்றார். நார்மன் லாக்யரும் அவரும் சேர்ந்து கரும்புள்ளியும் பஞ்சமும் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அப்படியானால் சூரியனைத் தினமும் கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா? வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற அதே எண்ணம்தான். கோள் போய் சூரியப் புள்ளி வந்திருக்கிறது, அவ்வளவே.

இந்த நம்பிக்கையும் ஒரு காரணமாகக் கோடைக்கானலில் சூரிய வான்காணகம் எழுந்தது. 1895-ல் அடிக்கல். மிச்சி ஸ்மித் என்பவர் பொறுப்பில் 1901-ல் முறையான சூரிய ஆய்வு தொடங்கியது. அதே 1901-ல்தான் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கியது. மலை மேலே சூரியனை ஆராய ஒன்று, கீழே கரிசலை ஆராய ஒன்று!

கோடைக்கானலில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். கரும்புள்ளியின் மங்கலான ஓரப் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. இன்றும் உலகம் முழுக்க இதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர். மழையைத் தேடிப் போனவர்களுக்குச் சூரியன் கிடைத்தது.

மழை? அதற்கு வேறொருவர் வர வேண்டியிருந்தது. 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதமேதை. 1913-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு உதவும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். கரும்புள்ளியையும் மழையையும் புள்ளிவிவர முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்த வாக்கருக்கு, அதை நம்பிப் பருவமழையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. எழுத்தர்களை வைத்து உலகம் முழுக்க உள்ள வானிலைப் பதிவுகளைக் கணக்குப் போட வைத்தார். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, ஊஞ்சல் மாதிரி. 1920-களில் இதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயர் வைத்தார். 1969-ல் பியர்க்னஸ் இதை எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றத்தோடு இணைத்துக் காட்டினார்.

ஆக விடை வெள்ளியிலும் இல்லை, சூரியப் புள்ளியிலும் இல்லை. பெரும்பகுதி கடலில் இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கரிசலுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி!

எட்டயபுரத்துக்காரரும் வால்நட்சத்திரமும்

1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. உலகம் முழுக்கப் பீதி. வாலில் விஷவாயு இருக்கிறது, எல்லோரும் சாகப்போகிறோம் என்று வதந்தி. வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்று நம் ஊரிலும் பழைய நம்பிக்கை உண்டே. அப்போது புதுச்சேரியில் இருந்த, கரிசல் பூமியான எட்டயபுரத்தில் பிறந்த பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று ஒரு கவிதை எழுதினார். சாதாரண என்பது அந்தத் தமிழ் ஆண்டின் பெயர். 75 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, வால் மெல்லிய வாயுவால் ஆனது என்று அறிவியல் செய்திகளைச் சொல்லிவிட்டு, வானநூலில் தேர்ந்திருந்த நாட்டில் இப்போது இதையெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறார். லெ ழாந்தீல் கிரகணக் கணக்குக் கற்ற அதே புதுச்சேரியில் இருந்து!

காவலூர் முதல் குலசேகரன்பட்டினம் வரை

பாரதியின் வருத்தத்துக்குப் பதில் மெதுவாக வந்தது. கோடைக்கானலுக்குத் தலைமை ஏற்ற வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1960-களின் கடைசியில் தொலைநோக்கி வைத்தார். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையம் உண்டு என்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

கோடைக்கானலையும் காவலூரையும் நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று அது சூரியனைப் பார்க்கிறது. பஞ்சத்துக்குப் பிறகு மலை மேல் ஏறிய தொலைநோக்கியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரையில், குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும்போது இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்த மிச்சம் பெரிய லாபம்.

கணக்கு இன்னும் முடியவில்லை

இவ்வளவும் தெரிந்த பிறகு மழைக்கணக்கு முடிந்துவிட்டதா? 2023 ஒரு எல் நினோ ஆண்டு. வடகிழக்குப் பருவமழை கூடலாம் என்பதுவரை அறிவியல் சொன்னது. டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். கரிசலில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்! வானத்தில் செயற்கைக்கோள் இருந்தது, கணினி இருந்தது. ஆனாலும் இந்த இடத்தில், இவ்வளவு மழை என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. நின்ற பயிர் தண்ணீரில் போயிற்று.

வெள்ளியைப் பார்த்தவர்கள், சோழி அடுக்கியவர்கள், கரும்புள்ளி எண்ணியவர்கள், காற்றழுத்தம் கூட்டிக் கழித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தப்பு என்று தெரிந்ததும் கணக்கைத் திருத்தியவர்கள் ஒரு படி மேலே போனார்கள். திருத்த மறுத்தவர்கள் அங்கேயே நின்றார்கள். வானியல் வரலாறு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

வருகிற சித்திரை 1 அன்று பகல் 12 மணி 18 நிமிட வாக்கில், கோவில்பட்டியில் இருப்பவர்கள் வெட்டவெளியில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். நிழல் எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த நாளும் குறியுங்கள். எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.